கருப்பை ஆபரேஷன் முடிந்த வயதான நாயை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: எங்கள் வீட்டுப் பொமரேனியன், பெண் நாய். வயது 11, எடை 9 கிலோ. குட்டி போட்டதில்லை, கருத்தடையும் செய்யவில்லை. கருப்பையில் சீழ் என்று சொல்லி நேற்றுக் காலை ஆபரேஷன் செய்து கருப்பையை எடுத்துவிட்டார்கள். மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பிட மறுக்கிறது, இரவெல்லாம் முனகியது. தையல் மேல் மஞ்சள் பூசலாமா என்று அம்மா கேட்கிறார். அப்பா சாப்பிடும் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? எத்தனை நாள் இப்படிக் கவனிக்க வேண்டும்?

பதில்:

மஞ்சளும் வேண்டாம், அப்பாவின் மாத்திரையும் வேண்டாம். முழுவதும் படித்து முடிப்பதற்குள் யாராவது கொடுத்துவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டில் மாத்திரைதான் பெரிய ஆபத்து. நம் வீடுகளில் மூட்டுவலிக்கு இருக்கும் மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், இல்லையென்றால் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்தது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருப்பைச் சீழ் வந்த நாய்க்குச் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும், அதன் மேல் இதையும் கொடுத்தால் தாங்காது. (மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006-இல் கால்நடை உபயோகத்துக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-இல் அசிக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.) "நாய்க்கும் மெலாக்சிகாம்தானே எழுதுகிறார்கள், அது வீட்டிலேயே இருக்கிறதே" என்பார்கள். மருந்து ஒன்றுதான், அளவு வேறு. 9 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.9 மில்லிகிராம் தேவைப்படும். மனிதருக்கான மாத்திரை 7.5, 15 என்ற அளவுகளில் வருகிறது. 15-இல் பாதி என்றாலே எட்டு மடங்கு. டாக்டர் எழுதிக் கொடுத்ததை, எழுதிக் கொடுத்த அளவில் மட்டும் கொடுங்கள். வலி அடங்கவில்லை என்று தோன்றினால் போன் செய்து கேளுங்கள். டிரமடால், கேபபென்டின் என்று சேர்த்துக் கொடுக்க அவர்களிடம் வேறு வழிகள் உண்டு. மனிதருக்கான சிரப் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சர்க்கரை சேர்க்காத சிரப் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், நாய்க்கு அது விஷம்.

இனி உங்கள் நாய்க்கு வருவோம். ஆபரேஷன் ஆன நாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் வேலை. வீட்டுக்காரர்கள் போன் செய்தால் முதலில் சொல்வது "சாப்பிடவே மாட்டேங்குது" என்பதுதான். நம் ஊரில் பாசத்தின் அளவுகோலே சாப்பாடு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நாளில் நான் திருப்பிக் கேட்பது வேறு: ஒன்றுக்குப் போனதா? ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது? தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், ஒரு நாள் சாப்பிடாததைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். மூன்றில் ஒன்று சரியில்லை என்றால், தட்டைக் காலி செய்திருந்தாலும் கூட்டிவரச் சொல்வேன்.

ஈறு பார்ப்பது சுலபம். மேல் உதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே ஈறை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். சில நாய்களுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். ஈறு வெளிறிப்போய், நாயும் சோர்ந்து, வயிறு உப்பிக்கொண்டே வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டுத்தான் அதை எடுத்திருப்பார்கள். அந்தக் கட்டு நழுவுவது அபூர்வம், நழுவினால் நேரமில்லை. முதல் இரண்டு நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஈறைப் பாருங்கள். இன்றைக்கு நன்றாக இருக்கும்போதே அதன் இயல்பான நிறம் கண்ணில் பதிந்துவிட்டால், நாளைக்கு வித்தியாசம் தெரியும்.

மூச்சை, தூங்கும்போது எண்ணுங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். 30-க்குள் இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது வெயிலாலும் இருக்கலாம், வலியாலும் இருக்கலாம். ஆழ்ந்து தூங்கும்போதும் வேகமாக மூச்சு விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி வையுங்கள். முனையில் கொஞ்சம் வாசலைன் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். நாயின் உடல் சூடே நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 101.5 என்று பார்த்ததும் காய்ச்சல் என்று பதறிப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. 103-ஐத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். மயக்க மருந்து முழுக்கத் தெளியாத முதல் நாளில் உடல் குளிர்ந்துபோவதும் நடக்கும், வயதான சின்ன நாய்க்கு இன்னும் சீக்கிரம் குளிரும். நடுக்கம் இருந்தால் மெல்லிய போர்வை போர்த்தி, ஏசியையும் நேராக அடிக்கும் ஃபேனையும் தள்ளி வையுங்கள். 99-க்குக் கீழே இருந்து, போர்த்தியும் ஏறவில்லை என்றால் அதற்கும் போன் செய்யுங்கள். வெந்நீர்ப் பையைத் தோலில் நேராக வைக்க வேண்டாம். அரைமயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டாலும் நகராது.

சிறுநீரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பிருந்தே அது நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி ஒன்றுக்குப் போயிருக்குமே? சீழில் இருக்கும் கிருமியின் நஞ்சு, சிறுநீரை அடர்த்தியாக்கும் வேலையைச் சிறுநீரகம் செய்ய விடாமல் தடுக்கும். அதனால் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும், நாய் குடித்துக்கொண்டே இருக்கும். கருப்பையை எடுத்த மறுநாளே இது மாறாது, சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். "படுக்கையெல்லாம் நனைக்கிறது" என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். முதல் நாள் மட்டும் கிண்ணம் நிறைய வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மொத்தமாகக் குடித்தால் வாந்தி வரும். வீட்டுக்கு வந்து 12 மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை என்றால் போன் செய்ய வேண்டும், 24 மணி நேரம் காத்திருக்கக் கூடாது. பிறப்புறுப்பிலிருந்து ஓரிரண்டு நாள் கொஞ்சம் ரத்தமோ பழுப்பு நிறக் கசிவோ வருவது வழக்கம்தான், அதிகமாகக் கொட்டினாலோ நாற்றம் அடித்தாலோதான் பிரச்சினை.

சரி, சாப்பாடு. மயக்க மருந்தின் குமட்டல், வலி, உடம்பில் மிச்சமிருக்கும் நஞ்சு எல்லாம் சேர்ந்து முதல் 24 மணி நேரம் பசியைக் கொன்றுவிடும். வழக்கமான அளவில் கால்வாசி சாப்பிட்டால் போதும், ஒன்றுமே வேண்டாம் என்றாலும் ஒரு நாள் விடலாம். இரண்டாம் நாள் இரவுக்குள் ஏதாவது கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் டாக்டர் குமட்டலுக்கு ஊசி போடலாம், சிறுநீரகத்தைப் பார்க்க ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. சாப்பிடவே இல்லை என்றால் மாத்திரையைத் திணிக்காமல், அதற்குப் பதில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள்.

வயதான நாய் வாசனை பிடித்துத்தான் சாப்பிடும், அதனால் வெதுவெதுப்பாக வையுங்கள். எலும்பு இல்லாத கோழிக்கறியை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, குழைந்த சாதத்தில் அந்த வேகவைத்த தண்ணீரையே விட்டுப் பிசைந்து, ஒரு எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் நீட்டுங்கள். தட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய், கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். மேலே துளி கோழி ஈரலை மசித்துத் தடவினால் இன்னும் நல்லது. பொமரேனியன் வளர்க்கும் பல வீடுகளில் அதற்குத் தயிர்சாதம்தான் சாப்பாடு. பழகிய உணவு என்பதால் முதல் ஓரிரண்டு வேளைக்கு அது தப்பில்லை. ஆனால் தையல் சேரப் புரதம் வேண்டும், அது தயிர்சாதத்தில் போதாது. அவித்த முட்டை கொடுங்கள். முட்டையும் சேராத வீடு என்றால் உப்பில்லாத பன்னீர். பழக்கமில்லாத நாய்க்குப் பால் கொடுத்தால் கழியும். ரசம், குழம்பு ஊற்றிப் பிசைந்தது வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்துக்கு எமன். பாயசத்தில் போட்டதும் திராட்சைதான். இளநீரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும் வரை கொடுக்காதீர்கள்.

வாயைப் பிளந்து சிரிஞ்சில் கஞ்சி ஊற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் நாய்க்குப் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஆகும். ஆபரேஷனில் பிழைத்த நாயை அதற்குப் பறிகொடுப்பது கொடுமை.

மலம் மூன்று நான்கு நாள் வராமல் இருக்கலாம். முந்தின நாள் பட்டினி, குடல் மந்தம், சாப்பாடும் குறைவு, பிறகு எங்கிருந்து வரும்? ஐந்தாம் நாளும் வராமல் முக்கினால் சொல்லுங்கள். பரங்கிக்காயைத் தோல் சீவி வேகவைத்து, அதில் இரண்டு ஸ்பூனைச் சாதத்தோடு பிசைந்து கொடுத்தால் இளகும். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கால் சில நாய்களுக்கு நேர்மாறாகக் கழியும். அதற்காக மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை கொடுக்க நம்மிடம் நல்ல ஆயுதம் இருக்கிறது: இட்லி. ஆறின இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்து, மாத்திரையை நடுவில் வைத்து உருண்டை பிடியுங்கள். முதலில் ஒரு வெறும் உருண்டை, அடுத்தது மாத்திரை உருண்டை, அது தொண்டையில் இறங்குவதற்குள் மூன்றாவதை மூக்குக்கு நேராகக் காட்டுங்கள். மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். வயிற்றுக்கான பான்டோப்ரசோல் இருந்தால் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், உடைக்காமல் கொடுக்க வேண்டும். அதற்கு மட்டும் இட்லி மிகச் சின்னதாக இருக்கட்டும். இதயத்துக்கோ வேறு எதற்கோ முன்பிருந்தே மாத்திரை ஓடுகிறது என்றால், அதைத் தொடரலாமா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மஞ்சளுக்கு வருகிறேன். அம்மாவிடம் கோபப்பட வேண்டாம், அவர் சொல்வது மூன்று தலைமுறைப் பழக்கம். ஆனால் இது விழுந்து சிராய்த்த காயம் இல்லை. சுத்தமான கத்தியால் கீறி, அடுக்கடுக்காகத் தைத்து மூடிய இடம், ஓரங்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் பத்து காய்ந்து பொருக்காகும், அடியில் சீழ் பிடித்தாலும் தெரியாது. தூசி ஒட்டும், எண்ணெய் சேர்த்துப் பூசினால் நாய் நக்கும். வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டெட்டால் நாயின் தோலையும் வாயையும் புண்ணாக்கும். பெராக்சைடு புதிதாகச் சேரும் திசுவையே அரிக்கும். டாக்டர் ஆயின்மென்ட் எழுதியிருந்தால் அது மட்டும். எழுதவில்லை என்றால் ஒன்றும் வேண்டாம். மண்ணோ மலமோ பட்டுவிட்டால் கொதித்து ஆறிய நீரில் பஞ்சுத்துணியை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தையல் பிரிக்கும் வரை குளியல் கிடையாது.

காலையும் மாலையும் வெளிச்சத்தில் நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தையலைப் பாருங்கள், தினமும் ஒரே கோணத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் இருக்காது, டாக்டருக்கு அனுப்பவும் உதவும். ஓரங்கள் ஒட்டியிருந்து, லேசான சிவப்போ கன்றிய நீலமோ இருந்தால் கவலை இல்லை. தையலுக்கு அடியில் கயிறு போலத் தடித்திருப்பதும் வழக்கம்தான், கரையும் நூல் உள்ளே இருக்கிறது. தொட்டால் சூடு, மஞ்சள் கசிவு, நாற்றம், நாளுக்கு நாள் பெரிதாகும் மெத்தென்ற வீக்கம், ஓரங்கள் விலகிய இடைவெளி இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

வெளிநாட்டு ஆலோசனைகளில் அதிகம் பேசாத ஒரு எதிரி நம் ஊரில் உண்டு, ஈ. ஈரமாக இருக்கும் தையலிலோ, சிறுநீரில் நனைந்த தொடை ரோமத்திலோ ஈ முட்டையிட்டால், நம் வெயிலில் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழு வைத்துவிடும். பொமரேனியனின் அடர்ந்த ரோமத்துக்குள் வெளியே தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் பார்ப்போம். முட்டை வெள்ளையாக, நெருக்கமாக, ரோமத்தின் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். அதனால் பின்பக்க ரோமத்தை நனைந்தவுடன் துடைத்துக் காயவையுங்கள், மொட்டைமாடியிலோ வாசலிலோ படுக்கவைக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்குக் கவிழ்க்கும் குடைக் கொசுவலை இருந்தால் எடுத்து மூடிவிடுங்கள், 9 கிலோ நாய்க்குக் கச்சிதமாக இருக்கும். மாட்டுப் புண்ணுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைத் தையல் மேல் நீங்களாக அடிக்க வேண்டாம்.

"நாய் நக்கினால் புண் ஆறும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். நாயின் வாயில் கிருமி ஏராளம். நூலைப் பல்லில் பிடித்து இழுத்தால் பத்து நிமிடத்தில் தையல் பிரிந்துவிடும். கூம்புக் காலர் கட்டாயம். அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு "பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், கண் அசந்த நேரத்தில்..." என்று வருகிறவர்கள்தான் அதிகம். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, முடிந்ததும் மாட்டிவிடுங்கள். காலரோடு சுவரில் மோதி மிரள்கிறது, வயதில் கண்ணும் மங்கல் என்றால் மாற்று வழி உண்டு. குழந்தையின் பழைய பருத்திப் பனியனை முன்கால்கள் வழியாக மாட்டி, கீழ் நுனியை முதுகுப் பக்கம் தூக்கி முடிச்சுப் போடுங்கள், ஒன்றுக்குப் போகும்போது அவிழ்த்துவிட்டால் போதும். பனியனைத் தினமும் மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே.

முன்னங்காலைக் கொஞ்சம் பாருங்கள். டிரிப் ஏற்றிய இடத்தில் பஞ்சு வைத்து டேப் சுற்றியிருப்பார்கள். அது சில மணி நேரத்துக்குத்தான். இரண்டு நாள் கழித்தும் அவிழ்க்காமல் பாதம் பூரி போல வீங்கி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

முனகலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் இரவு முனகல் பெரும்பாலும் மயக்கமும் வலி மருந்தும் தெளியும்போது வரும் குழப்பம். எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஒரே சுருதியில் முனகும், பெயர் சொன்னால் திரும்பாது, விடியும்போது அடங்கிவிடும். வலி வேறு மாதிரி: முதுகை வளைத்து நிற்கும், படுக்க வந்து படுக்காமல் மறுபடி எழும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தொட வந்தால் உறுமும். வயதான நாய்கள் வலியைச் சத்தம் போட்டுச் சொல்வதைவிட மறைப்பதே அதிகம். மூலையில் சுருண்டு அசையாமல் கிடப்பதைப் பார்த்து "நிம்மதியாகத் தூங்குகிறது" என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் இரவும் இந்த அடையாளங்கள் இருந்தால் மருந்து போதவில்லை.

11 வயதில் சில நாய்களுக்கு மறதி தொடங்கியிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் அது கூடுதலாகத் தெரியும். பழகிய அறையிலேயே திசை தெரியாமல் நிற்கும். ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும், படுக்கையும் தண்ணீரும் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும், யாராவது ஒருவர் பக்கத்தில் தரையில் படுங்கள். உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டால் பாதி முனகல் நின்றுவிடும்.

வறட்டு இருமல் ஓரிரண்டு நாள் வந்தால் பயப்பட வேண்டாம். மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் விட்டிருப்பார்கள், அந்த உரசல்தான். ஆனால் பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தொய்ந்துபோகும் நோய் சகஜம், வாத்து கத்துவது மாதிரி இருமல் தொடர்ந்தால் காட்டுங்கள். கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி இழுக்காமல், மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். அது வயிற்றுத் தையலில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டைல்ஸ் தரை வயதான நாய்க்கு ஆகாது. பின்கால் இரண்டு பக்கமும் விரிந்து சறுக்கினால் வயிற்றுத் தசை இழுபடும், உள் தையலுக்கு நல்லதில்லை. படுக்கையிலிருந்து கழிக்கும் இடம் வரை ரப்பர் மேட்டோ கோணிச் சாக்கோ விரித்துவிடுங்கள். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் ரோமத்தைக் கவனமாகக் கத்தரித்தால் பிடிப்பு கிடைக்கும். சோஃபா, கட்டில், மாடிப்படி மூன்றும் இரண்டு வாரத்துக்கு மூடிய கடை. தூக்கும்போது வயிற்றுக்குக் கீழே கை கொடுக்காதீர்கள். ஒரு கை மார்பைச் சுற்றி, இன்னொரு கை பின்தொடைகளுக்குப் பின்னால், முதுகு நேராக இருக்கும்படி தூக்க வேண்டும். நடை என்றால் கயிற்றோடு ஐந்து நிமிடம், கழித்துவிட்டுத் திரும்புவதற்கு மட்டும். நான்காம் நாள் வாக்கில் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடப் பார்க்கும். அப்போதுதான் வீட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள். வெளித்தோல் சேர்ந்திருக்கும், உள்தசை இன்னும் சேர்ந்திருக்காது. செக்கப்புக்குப் போகும்போதும் ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப் போகாமல், கூடையில் படுக்கவைத்து ஆட்டோவில் போங்கள்.

ஒரு விஷயத்தை இன்றைக்கே முடித்துவையுங்கள்: இரவு பத்து மணிக்கு மேல் அவசரம் என்றால் எங்கே போவது என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு, எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு, அங்கே இரவு நேரம் எப்படி என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. ஈறு வெளுத்தால், வாந்தி இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால், வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு தெரிந்தால், வலிப்பு வந்தால், எழுந்து நிற்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் பிரிந்து உள்ளிருந்து ஏதாவது வெளியே தெரிந்தால், உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியைச் செலைனிலோ கொதித்து ஆறிய நீரிலோ நனைத்து மூடி, பழைய வேட்டித் துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். நக்கவிடவே கூடாது.

முதல் சில நாள் தாண்டிய பிறகு காய்ச்சல் அடித்து, ஈறும் வெளுத்தால் தையலை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் பல நாய்களின் ரத்தத்தில் பதுங்கியிருக்கும், ஆபரேஷன் மாதிரி உடம்பு தளரும் நேரத்தில் தலைதூக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். அதுவரை இப்போது சொன்ன கட்டுப்பாடு முழுக்க இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு வாரம் ஓட்டமும் குதியலும் வேண்டாம். தையல் பிரிக்கப் போகும்போது கிரியாட்டினின் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள், சிறுநீரகம் தேறியதா என்று அதில்தான் தெரியும். கூடவே மடிக்காம்புகளை வரிசையாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாமல் இந்த வயதுக்கு வந்த பெண் நாய்களுக்கு மார்புக்கட்டி அதிகம், கடலை அளவில் இருக்கும்போதே பிடிப்பது நல்லது.

சினைப்பையும் சேர்த்து எடுத்திருந்தால் இந்தச் சீழ் திரும்ப வராது. நாய்க்கு மாதவிடாய் நிற்கும் வயது என்று ஒன்று இல்லை. கடைசி வரை பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அடுத்த ஒன்றிரண்டு மாதம் கருப்பை சீழ் பிடிக்கத் தோதாக இருக்கும். அதனால்தான் குட்டி போடாத, வயதான நாய்களில் இதை இவ்வளவு பார்க்கிறோம். இனி எடை கூடும், சாப்பாட்டு அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும், அதுவும் முழுக்கத் தேறிய பிறகு. சில மாதம் கழித்துத் தூக்கத்தில் சிறுநீர் கசிந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அதற்கு மாத்திரை உண்டு. வயிற்றில் மழித்த ரோமம் பொமரேனியன் வகைக்கு முளைக்க மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வேறு நிறத்திலும் முளைக்கும். அதற்கு எண்ணெய் எதுவும் தேய்க்க வேண்டாம்.